ரெட்டைப் புள்ளி

அந்தப் பையை மிதிச்சுப்போடாதீங்க அம்மிணி. அட, கோவமில்லீங்க, சும்மா சொன்னேன். தாராளமா உக்காருங்க. பையை நான் மடியிலயே வெச்சுக்கறேன். ஊத்துக்குளியிலதான் ஏறுனீங்களா? நான் காங்கேயத்துல ஏறுனேன். கோபி போகோணும். இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு எப்படியும் ஒரு மணி நேரமாகும். பழமை பேசிட்டே போலாம்.

பைக்குள்ள என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவாயில்லை, சொல்றேன்.

போர்வைங்க. ஆனா போர்வைன்னு சொல்லக்கூடாதாம். என்ற மவ நிவேதா 'குவில்ட்'டுங்கறா. மெத்தையான்னு கேட்டேன். மெத்தையில்லம்மாங்கறா. அப்பப் போர்வைதானேன்னேன். போர்வையுமில்லையாம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணாம். பழைய பட்டுச் சேலையைக் கட்டம் கட்டமா வெட்டி, உள்ளுக்கு மெத்துனு துணி வெச்சு, மேல தையல் ஓட்டறது. உள்ளுக்கு வெச்சிருக்கிறது எங்கூட்டுக்காரரு வேட்டி ரெண்டு. தொவைச்சுத் தொவைச்சு வெண்ணையாட்ட இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். அவரு இன்னைக்கு வரைக்கும் பீரோவுல தேடிட்டிருக்காரு.

நிவேதாளுக்கு இப்ப ஒம்பதாம் மாசம். வர்ற ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. "அம்மா, பொறக்கற கொழந்தையை உன் கண்ணாலச் சேலையிலதான் படுக்க வெக்கோணும்"னு ஒரே புடி. செல்போன்ல எங்கயோ பார்த்திருக்கா. சேலையில ஒரு குவில்ட்டு, முந்தியில கண்ணால ஆல்பத்துக்கு உறை, கரையில சுருக்குப் பை நாலு, சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கொண்ணு. எனக்கு மனசு கேக்கலைதான். முப்பத்திநாலு வருசமா பீரோவுல வெள்ளைத் துணியில சுத்தி வெச்சிருந்த கூறைங்க. ஆனாலும் பேரப்புள்ளைக்குன்னா வேண்டாம்னு சொல்ல முடியுமா? சரின்னேன். எனக்கு எப்பவுமே குடுத்துப் பழக்கம். கேட்டுப் பாருங்க, கோபியில எல்லாருஞ் சொல்லுவாங்க.

இதுக்கு நடுவுல வந்தவதான் சுலோச்சனா.

யாருன்னா, என்ற நாத்தனாரு. எங்கண்ணன் பொண்டாட்டியும் அவதான். முழிக்காதீங்க, சொல்றேன். எங்கூட்டுக்காரரோட தங்கச்சியை எங்கண்ணனுக்குக் கட்டி, என்னை இவருக்குக் கட்டினாங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது. ஒரே நாளு, ஒரே பந்தல், ரெண்டு கண்ணாலம். எங்க பக்கம் நாத்தனாரை நங்கையாள்னு சொல்லுவோம். மூஞ்சிக்கு நேரா 'வாங்க நங்கை'ம்பேன். உங்ககிட்ட 'அவ'ன்னா ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க, ஒரு வயசுதான் மூப்பு.

எங்கப்பனும் என்ற மாமனாரும் ரொம்ப உஷாரு. ஒருத்தி சேலை ஒசத்தி, ஒருத்தி சேலை மட்டம்னு பேச்சு வரக் கூடாதுன்னு, ரெண்டு பேருஞ் சேர்ந்து ஒரே கடைக்குப் போயி, ஒரே மாதிரி ரெண்டு கூறை எடுத்தாங்க. மாம்பழக் கலரு, அரக்குக் கரை. ஒரே தறியில ஓடினதாம். பக்கத்துல பக்கத்துல வெச்சா நெய்தவனுக்கே தெரியாது. சண்டை வரக் கூடாதுன்னு செஞ்சது அம்மிணி அது. அதுலதான் வந்துச்சு அத்தனை சண்டையும்.

என்ற மாமியார் மட்டும் ஒரு காரியம் பண்ணினாங்க. சலவைக்காரர் துணிக்குக் குறி போடுவாருங்களே, சேங்கொட்டைப் பாலுல, தண்ணிக்கும் போகாம சோப்புக்கும் போகாம? அந்த மாதிரி சேலை அடிமூலையில புள்ளி வெச்சுட்டாங்க. மருமவளுக்கு ஒத்தப் புள்ளி, மவளுக்கு ரெட்டைப் புள்ளி. எனக்கு ஒத்தை, சுலோச்சனாளுக்கு ரெட்டை. எல்லாத்துக்கும் தெரியும். ஆனா அதுக்கு மேலயே டெய்லரு ஃபால்ஸ், அதான் கரைக்கு உள்பக்கமா வெச்சுத் தைக்கற துணி, அடிச்சுப்போட்டான். புள்ளி உள்ளே போயிருச்சு.

கண்ணாலத்தன்னைக்கு விடியக்காலம், ரெண்டு சேலையும் ஒரே தட்டத்துல இருந்துச்சு. நான் கொஞ்சம் சுறுசுறுப்புங்க. எந்திரிச்சேன், குளிச்சேன், மேல இருந்ததை எடுத்துக் கட்டிக்கிட்டேன். மாமியார் வந்து எடுத்துத் தர்ற வரைக்கும் காத்திருக்கோணும்னு எனக்கு யாராச்சுஞ் சொன்னாங்களா? அவ குளிச்சுட்டு வந்து பார்த்துட்டு, "மேல வெச்சது என்ற சேலை"ன்னா. நான் "இல்லை, என்றது"ன்னேன். முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னு அவளும் கீழ இருந்ததைக் கட்டிக்கிட்டா.

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. எந்தப் பண்டிகை நோம்பிக்கு வந்தாலும், எந்தச் சாவுக்கு வந்தாலும், கெளம்பற நேரத்துல, "உன்ற பீரோவுல இருக்கறது என்ற சேலை துளசி"ம்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆவாது. மொத வருசமே, "ஃபால்ஸைப் பிரிச்சுப் பார்த்துப்போடலாம், ரெண்டு நிமிசம்"னா. நான் எதுக்குங்க பிரிக்கோணும்? என்ற சேலை எனக்குத் தெரியாதா? எங்கூட்டுக்காரரைக் கேட்டா, அவரு பொறந்தவ பக்கமும் பேச மாட்டாரு, பொண்டாட்டி பக்கமும் பேச மாட்டாரு. பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்குவாரு.

நானும் சும்மா இருக்கலைங்க. எனக்கும் ஒரு நாளு வாய்ச்சுச்சு. நிவேதாளுக்கு மூணு வயசுல காதுகுத்து. தாய்மாமன் சீர்னா எப்படி வரோணும்? மேளத்தோட தட்டத்தட்டமா வரோணுமில்லீங்க? எங்கண்ணன் தோட்டத்துல போர் வத்திப்போன வருசம் அது, இல்லைங்கலை. அதுக்காக? தட்டத்துல பார்த்தா பாவாடை. மூணு வயசுக்கு ஒண்ணு, அஞ்சு வயசுக்கு ஒண்ணு, ஏழுக்கு ஒண்ணு, ஒம்பதுக்கு ஒண்ணு. நாலும் மாம்பழக் கலரு, அரக்குக் கரை. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவ கூறையை வெட்டித் தச்சிருக்கா!

விடுவனா? சபையில வெச்சே கேட்டேன். "பழைய துணியா எங்க புள்ளைக்குச் சீரு? கூறையை வெட்டறவ குடும்பம் வெளங்குமா?"ன்னு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வாயாடி அவ, ஒரு வார்த்தை பேசலை! நான் ஜெயிச்சுப்போட்டேன்னு நெனைச்சேன்.

என்னைய அப்படிப் பார்க்காதீங்க அம்மிணி. நானும் கூறையைத்தான் வெட்டினேன், ஆமா. அது வேற, இது வேற. அது பஞ்சத்துல வெட்டினது. இது ஃபேஷனு.

அந்த நிவேதா இருக்காளே, அவளும் அந்தப் பாவாடையைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. புதுசு அத்தனை இருக்க, 'அத்தை பாவாடை, அத்தை பாவாடை'ன்னு நாலையும் கிழியக் கிழியக் கட்டினா. அவளுக்கு அப்பன் வழியிலயும் அத்தை, மாமன் வழியிலயும் அத்தை, அந்தச் சுலோச்சனாதான். அவளுக்குப் பொட்டப்புள்ளை கெடையாது, ரெண்டும் பசங்க. அதனால இவதான் உசுரு.

சரி, கதைக்கு வர்றேன். போன மாசம், நம்ம சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்பு ஒண்ணு இருக்குது, அறுபத்திரெண்டு பேரு. அதுல கூறையை விரிச்சு போட்டோ எடுத்துப் போட்டேன். 'என் திருமணக் கூறை, என் பேரக்குழந்தைக்காக'ன்னு எழுதி, பூப்படம் ஆறு வெச்சேன். ஒரே பாராட்டு. 'என்ன மனசு சித்தி உங்களுக்கு'ன்னு ஒருத்தன். 'தியாகம்'னு ஒருத்தி. அத்தனைக்கும் நடுவுல ஒரு வாய்ஸ் மெசேஜ். அவளேதான். "துளசி, அது என்ற சேலை. நெசமாலுமே சொல்றேன், வெட்டாதே"ன்னு.

அறுபத்திரெண்டு பேரு முன்னால! காலையில பதினொரு மணிக்கு அந்த மெசேஜ் வந்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு நான் டெய்லர் ரமணி கடையில நிக்கறேன். அப்ப வளைகாப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சுங்க, ஒண்ணும் அவசரமில்லை. ரமணி சேலையைத் தொட்டுப் பார்த்துட்டு, "அக்கா, ஒருக்கா யோசிச்சுக்கங்க"ன்னா. கத்திரியைக் குடுன்னு வாங்கி நானே வெட்டினேன். கட்டம் கட்டமா, அம்பத்தாறு துண்டு. வெட்ட வெட்ட என்ன சொகமா இருந்துச்சுங்கறீங்க! கரையை மட்டும் சுருக்குப் பைக்குன்னு தனியா வெச்சுட்டு வந்தேன்.

மறுநாளு ரமணி போன் பண்றா. "அக்கா, கரையில ஃபால்ஸைப் பிரிச்சேன். மூலையில ரெண்டு கறை இருக்குது. அதை வெட்டித் தூரப் போட்டுடட்டா?"

ரெண்டு கறை.

சோத்துத் தட்டத்தை அப்படியே வெச்சுட்டு ஓடினேன். பார்த்தா, கருகருன்னு ரெண்டு புள்ளி, மொளகு மொளகா. முப்பத்திநாலு வருசத்துல இத்தனூண்டுகூட மங்கலை. "ஆமா, கறைதான்"னு ரமணிகிட்டச் சொல்லிப்போட்டு, அந்தத் துண்டைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். என்னாச்சுன்னாரு எங்கூட்டுக்காரரு. ஒண்ணுமில்லைன்னேன். "ஒண்ணுமில்லைன்னா ரெண்டு நாளா ரசத்துல ஏன் உப்பில்லை?"ன்னாரு.

போன வாரம் போர்வை தச்சு வந்துச்சு. அதையும் 'என் கூறை'ன்னு எழுதியே குரூப்புல போட்டேன். போடாம இருந்தா சந்தேகம் வருமில்லீங்க? இந்த வாட்டி அவகிட்ட இருந்து சத்தமே காணோம். முந்தாநேத்து நிவேதா வந்து என்ற முன்னால உக்காந்தா. "அத்தை வளைகாப்புக்கு வரலையாம். மாமாவை மட்டும் அனுப்பறாங்களாம். மொத வளையல் அத்தைதான் போடோணும். அவங்க வரலைன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம், மண்டபத்துக்காரன்கிட்டச் சொல்லிடு"ன்னு சொல்லிட்டு அழுதா பாருங்க. நெறமாசப் புள்ளை.

ராத்திரியெல்லாம் பொரண்டு படுத்தேன். அப்பத்தான் அம்மிணி, பளிச்சுனு ஒரு யோசனை. இது அவ சேலைன்னா, அப்ப அவகிட்ட இருந்தது என்ற சேலை! காதுகுத்துக்கு அவ வெட்டினாளே, அது என்ற கூறை! நான் அவளுதை வெட்டினேன், அவ என்றதை வெட்டினா. அதுவும் அவதான் மொதல்ல! அட, அப்பறம் நான் எதுக்குப் பயப்படோணும்? அவளில்ல எனக்குப் பதில் சொல்லோணும்? எந்திரிச்சு உக்காந்துட்டேன். நேத்துத்தான் ரசத்துக்கு ஒழுங்கா உப்புப் போட்டேன்.

இன்னைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே காங்கேயம் போயிட்டேன். போர்வையையும் புள்ளித் துண்டையும் எடுத்துக்கிட்டு, எப்படி எப்படிப் பேசோணும்னு பஸ்ஸுலயே பேசிப் பார்த்துக்கிட்டு. அவ மாட்டுக்குத் தவிடு கரைச்சுட்டிருந்தா. "வா துளசி"ன்னா. மோர் குடுத்தா. குடிச்சேன், வெயிலு. குடிச்சுட்டு, டம்ளரை வெச்ச கையோட, ரெட்டைப் புள்ளித் துண்டை எடுத்து முன்னால போட்டேன். "நங்கை, இது உங்க சேலைதான். ஒத்துக்கறேன். அப்ப நீங்க வெட்டினது யாரு சேலை? சொல்லுங்க பார்க்கலாம்!"

அவ எந்திரிச்சு உள்ளே போனா. டிரங்குப் பெட்டி தொறக்கற சத்தம் கேட்டுச்சு. ஒரு மஞ்சப்பை கொண்டாந்தா. அதுக்குள்ள ஒரு பட்டுத் துண்டு, நாலு விரக்கடை. அதுல ஒத்தப் புள்ளி.

"பாவாடைக்கு வெட்டி முடிச்ச பொறகுதான் ஃபால்ஸைப் பிரிச்சேன்"னா. "பிரிச்சதும் பார்த்தேன். உன்ற கூறையை வெட்டிப்போட்டேன்னு தெரிஞ்சுது. சீரு நாளைக்கு. கையில வேற ஒண்ணும் கெடையாது. என்ன பண்ணட்டும்? தச்சுக் கொண்டாந்தேன்."

"அப்பச் சபையில நான் அத்தனை பேசினனே, ஏன் திருப்பிப் பேசலை?"ன்னு கேட்டேன்.

"அடுத்தவ கூறையை வெட்டினவதானே நான். நீ சொன்னது எனக்குத் தகும்னு வாங்கிக்கிட்டேன்"னா.

இருபத்தாறு வருசம் அம்மிணி. அத்தனை பேரு முன்னால நான் கேட்ட கேள்விக்கு இருபத்தாறு வருசமா அவகிட்டப் பதில் இருந்திருக்குது. அந்த ஒத்தப் புள்ளித் துண்டைப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு நோம்பிக்கும் வந்து சிரிச்சுட்டுப் போயிருக்கா.

நான் விட்டனா? எனக்குத்தான் வாய் நிக்காதே. "தெரிஞ்சும் பின்ன ஏன் என்ற சேலை, என்ற சேலைன்னு வருசா வருசம் கேட்டீங்க? எதைத் திருப்பிக் குடுக்கறதா இருந்தீங்க?"ன்னேன்.

"திருப்பிக் குடுக்க என்ற கையில என்ன இருக்குது? சும்மா ஒருக்கா கேட்டுக் கட்டிப் பார்த்துட்டு, உனக்கே குடுத்துடலாம்னு இருந்தேன்"னா. "எனக்குன்னு எடுத்ததை நான் ஒரு நாளும் உடுத்தலையே துளசி."

அதைச் சொல்லிட்டு எந்திரிச்சு மாட்டுக்கிட்டப் போயிட்டா. நான் அங்கயே உக்காந்திருந்தேன். அவ வெட்டும்போது தன்றதுன்னு நெனைச்சு வெட்டினா, என்ற புள்ளைக்காக வெட்டினா. நான் வெட்டும்போது? அது என்றது இல்லை, வெட்டாதேன்னு அவ சொன்ன பொறகு வெட்டினேன். சொன்னதுனாலயே வெட்டினேன். பேரப்புள்ளைக்குன்னு நான் சொல்றதெல்லாஞ் சும்மாங்க. அன்னைக்கு அந்தக் கத்திரியில பேரப்புள்ளையும் இல்லை, ஒண்ணும் இல்லை.

இதை எங்கூட்டுக்காரர்கிட்டக்கூட நான் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்றேன் பாருங்க.

பொறகு அவளே கைகால் கழுவிட்டு வந்து, "நிவேதா அழுதாளாமே. அவளுக்காக வர்றேன்"னு பொடவை மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டா. போர்வையை நீங்களே வெச்சுக்கங்கன்னு நீட்டினேன். "அதைப் போர்த்திக்கிட்டு நான் என்ன பண்றது, கொழந்தைக்குக் குடு"ன்னுட்டா. அவ்வளவுதான் பேச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவ முன்னால, நான் பின்னால.

இப்ப எங்கயா? அதோ பாருங்க, டிரைவருக்குப் பின்னால, பச்சைச் சேலை, கொண்டையில செவ்வந்தி. அவளேதான். பக்கத்துச் சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. நான்தான் இங்க வந்து உக்காந்துக்கிட்டேன். அங்க உக்காந்து என்னத்தைப் பேசறது? மெதுவாப் பேசுங்க, காது ரொம்பக் கூர்மை.

இப்ப எங்க வந்திருக்கோம், குன்னத்தூரா? இன்னும் அரை மணியில கோபி வந்துரும். வீட்டுல சொந்தபந்தம் ஒறம்பரையெல்லாம் வந்து எறங்கிட்டாங்க. வர்றவங்கெல்லாம் போர்வையை விரிச்சு, 'துளசி கூறையாமா, என்ன மனசு'ம்பாங்க. அவளும் அங்க நின்னு அதைக் கேக்கோணும். கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டு, மொத வளையலைப் போடுவா. போடுவா அம்மிணி. ஒரு வார்த்தை பேச மாட்டா. எனக்குத் தெரியும்.

ஆவாது. என்னால ஆவாது.

இந்தாங்க, இந்தப் போனைப் புடிங்க. கண்ணாடி பையில அடியில கெடக்குது, எனக்கு எழுத்துத் தெரியலை. மேல இருக்கற குரூப்புதான், கோயில் படம் போட்டிருக்குமே, அதுதான். அந்த மைக்குப் படத்தை அமுத்திப் புடிச்சுக்கங்க, நான் பேசி முடிக்கற வரைக்கும் விட்டுடாதீங்க. புடிச்சாச்சா? சரி.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. துளசிமணி பேசறேன். போன வாரம் ஒரு போர்வை போட்டோ போட்டு, என்ற கூறைன்னு எழுதியிருந்தேன். அது என்றது இல்லைங்க. நங்கையாளோட கூறை. வெட்டாதேன்னு அவங்க சொன்னாங்க. சொன்னதுனாலதான் வெட்டினேன். முப்பத்திநாலு வருசமா அவங்க சொன்னதுதான் நெசம். நான் சொன்னது பொய்யி."

விட்டுடுங்க. போயிருச்சா? ரெண்டு டிக்கு வந்துச்சா?

அய்யய்யோ, முன்னால பாருங்க, என்ற குரலு! ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறா. பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. கண்டக்டர் வேற சிரிக்கிறான். என்ன பண்றா, மறுக்காவும் போடறாளா? போடறா, போடறா! எனக்கு எங்க மூஞ்சியை வெச்சுக்கறதுன்னே தெரியலை. இப்ப என்ன, போனை வாய்கிட்ட வெச்சுக்கிட்டு என்னமோ பேசறாளே. கேக்குதுங்களா உங்களுக்கு? இந்த இஞ்சின் சத்தத்துல ஒரு எழவும் கேக்கலை.

இருங்க, டிங்குன்னுச்சு. அமுத்துங்க, அமுத்துங்க. சத்தமா வைங்க.

"மாமன் மச்சான் எல்லாருங் கேட்டுக்கங்க. சுலோச்சனா பேசறேன். துளசி கூறையை இருபத்தாறு வருசத்துக்கு முன்னாலயே நான் வெட்டிப்போட்டேன். நிவேதா கட்டின பாவாடை நாலும் அதுதான். தெரிஞ்சும் நான் சொல்லலை. அவளை யாரும் ஒண்ணுஞ் சொல்லக் கூடாது. மொதல்ல வெட்டினது நான்."

ஆமாங்க, அழுகறேன்தான். அழுகக் கூடாதா? இத்தனை பேரு இருக்கற குரூப்புல, நான் ஒரு பேச்சு வாங்கிடக் கூடாதுன்னு முந்திக்கிட்டா பாருங்களேன். தப்பை ஒத்துக்கறதுலகூட அவதான் மொதல்லயாம்! அதெப்படி, நான்தானே மொதல்ல அனுப்பினேன்? நீங்கதானே அமுத்துனீங்க, நீங்களே சொல்லுங்க, யாரு மொதல்ல?

காலைச் சித்த ஒதுக்குங்க அம்மிணி. நான் முன்னால போயி அவகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுப்போடறேன்.